நிழலுக்குத் துண்டு போட்ட வீதி

அமுதவல்லி தைச்ச பெரிய துணியை மெட்ராஸ்காரங்க வந்து கழட்டி, பாய் மாதிரி சுருட்டி, வேன்ல ஏத்திக்கிட்டுப் போனப்புறமும் அதோட நிழல் மட்டும் எங்க செட்டிகாட்டு நாலாவது வீதியிலயே கெடந்துச்சு. வேன் முக்குத் திரும்புற வரைக்கும் கை காட்டிட்டு நின்ன நாங்க, திரும்பி நடக்கும்போது காலுக்கடியில சில்லுனு இருக்குதேன்னு அண்ணாந்து பார்த்தோம், மேல கயிறு கட்டின ஆணியும் வெறும் வானமும்தான் இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தோம், நிழல் இருந்துச்சு. சரி, இருந்துட்டுப் போகுதுன்னு அவங்கவங்க சோலியைப் பார்க்கப் போயிட்டோம். சித்திரை மாசத்துத் திருப்பூர்ல நிழல் கெடைச்சா உக்காரணும், அது எங்கிருந்து வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேக்கறவன் வெயில்ல நின்னுட்டே கேக்க வேண்டியதுதான்.

நான் நாச்சம்மா. இதே வீதி முக்குல இட்லிக்கடை போட்டிருக்கறவ, வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்குள்ள பேரு, அதைப் பத்தி எனக்கொண்ணும் கவலையில்லை. அமுதவல்லியைச் சின்னப் புள்ளையில இருந்து எனக்குத் தெரியும். மெட்ராஸ்ல போயி ஓவியம் படிச்சுட்டு வந்தா, வந்தவ பென்சிலைத் தொடலை, பிரஷ்ஷைத் தொடலை, பனியன் கம்பெனிங்க மூட்டை கட்டி வெளிய தள்ளுற வேஸ்ட்ல இருந்து கட்பீஸைப் பொறுக்கி, கழுத்துப்பட்டி வெட்டுனது, கைப்பக்கம் வெட்டுனது, சாயம் திட்டுத்திட்டாப் புடிச்சு ரிஜெக்ட் ஆனது, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுத் தைக்க ஆரம்பிச்சா. அதுல பூ இருக்காது, மயில் இருக்காது, சாமி இருக்காது, ஆள் மூஞ்சி இருக்காது. சாம்பல் கலர்ல ஒரு பரப்பு, அதுல ஒரு கிழிசல், கிழிசலுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கற ஒரு சிவப்பு, அவ்வளவுதான். அதை டெல்லியில மாட்டுறாங்க, ஜெர்மனியில மாட்டுறாங்கன்னு சொல்லுவாங்க. "இது எந்த ஊரு மேப்பு அம்மிணி?"ன்னு ஒருக்கா கேட்டேன். "மேப்பு இல்லீங்க்கா, துணிதான். பார்த்தா உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான்"னா. "எனக்கு மாவு புளிச்சுப்போச்சுன்னு தோணுது"ன்னேன். வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சா. நல்ல புள்ளை, தலைக்கனம் கெடையாது.

இந்தத் துணியை அவ தைச்சது ஆஸ்பத்திரியில. அவளோட அக்கா ருக்குமணி சாயப்பட்டறை வேலைக்குப் போனவ, ஒரு நாள் பாய்லர் குழாய் வெடிச்சு, ஆவி அடிச்சு, நெத்தியில இருந்து இடுப்பு வரைக்கும் வெந்துபோச்சு. சாகலை. சாகலைங்கறது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரியாம நாங்க ரொம்ப நாள் பேசிட்டிருந்தோம், கேக்கறதுக்குக் கொடூரமாத்தான் இருக்கும், ஆனாலும் பேசினோம். அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து மாசக்கணக்குல அந்தத் தங்கச்சிக்காரி தைச்சா. காயத்துக்குக் கட்டுப் போடற வலைத்துணி, அக்காவோட பழைய சேலை, வேஸ்ட் மூட்டையில கரிக்கலரா என்னென்ன இருந்துச்சோ அதெல்லாம் அதுக்குள்ள போச்சு. அக்கா வலியில கத்தும்போது அவ ஊசி நிக்காது, இன்னும் வேகமாப் போகும்னு பக்கத்துக் கட்டில்காரி எங்கிட்டச் சொன்னா. முடிச்சப்புறம் விரிச்சுப் பார்க்க எந்த வீட்டுச் செவுரும் பத்தலை. அதனாலதான் அக்கா வீட்டு மொட்டைமாடியில இருந்து எதுத்தாப்பல இருக்கற நிட்டிங் குடோன் மாடிக்குக் கயிறு கட்டி, வீதிக்குக் குறுக்கால தொங்கவிட்டா. பங்குனி பூரா தொங்குச்சு. அப்புறம்தான் கண்காட்சிக்குன்னு வேன் வந்துச்சு.

நிழலு ருக்குமணி வீட்டு வாசப்படியில ஆரம்பிச்சு குடோன் செவுத்தைப் போயித் தொட்டுச்சு. காலையிலயும் அதே எடம், உச்சியிலயும் அதே எடம், பொழுது சாயும்போதும் அதே எடம். வலைத்துணி வெச்சுத் தைச்ச பக்கம் மட்டும் வெளிச்சம் பொட்டுப்பொட்டா விழும், மத்தபடி மழை பேஞ்சு ஓஞ்ச மண்ணுல காலை வெச்ச மாதிரி இருக்கும். மொதல்ல நாய் வந்து படுத்துச்சு. நாய் படுத்தா எடம் நல்ல எடம்னு அர்த்தம், அதனால பொறகால நூல்பிசிறு வெட்டுற பொம்பளைங்க பனியன் மூட்டையைத் தூக்கிட்டு வந்து உக்காந்தாங்க, குடோன் ஜன்னல் கம்பியில தூளி கட்டிக் கொழந்தையைப் போட்டாங்க, ஞாயித்துக்கிழமையானா ஒடிசாப் பசங்க வரிசையா உக்காந்து போன்ல அவங்கவங்க அம்மாளுக்கு மூஞ்சியைக் காட்டினாங்க. கவுன்சிலர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், குனிஞ்சு பார்த்தார், மறுநாள் 'நிழல் உபயம்'னு அவர் பேர் போட்டு ஒரு போர்டு வந்துச்சு. போர்டோட நிழல் பொழுதுக்கும் நகர்ந்துச்சு, உபயம் நகரலை.

ஒண்ணே ஒண்ணு, அதுல உக்காந்தா அழுகை வரும். சும்மா உக்காந்து நூலைக் கத்தரிச்சுட்டே இருப்போம், எவளாவது ஒருத்தி என்னைக்கோ செத்துப்போன தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவா, அடுத்தவ கட்டிக்குடுத்து அனுப்பின புள்ளையைப் பத்திச் சொல்லுவா, அப்புறம் கண்ணுல தண்ணி பாட்டுக்கு வரும், கை பாட்டுக்குப் பிசிறு வெட்டும். வெளியூர்க்காரங்களுக்கு இது விநோதமாத் தெரியலாம். எங்களுக்கு என்னன்னா, ஷிப்டு ஷிப்டா ஓடற ஊரு இது, உக்காந்து அழுக எங்களுக்கு நேரமும் கெடையாது எடமும் கெடையாது, கெடைச்சப்போ அழுதுக்கிட்டோம். சாயங்காலம் எந்திரிச்சுப் போகும்போது மூஞ்சியைக் கழுவிட்டு, "நாளைக்கு வர்றியா?"ன்னு கேட்டுட்டுப் போவோம்.

ஒரு நாள் மத்தியானம், "நாச்சக்கா, ஒரு டீ கெடைக்குமாங்க்கா?"ன்னு ஒரு கொரல். ருக்குமணி கொரல். அந்த வீட்டுக்குள்ள இருந்து அந்தக் கொரல் முனகிக் கேட்டிருக்கேன், கத்திக் கேட்டிருக்கேன், டீ கேட்டுக் கேட்டதில்லை. ஒட்டுப்போட்ட தோலு பாருங்க, அதுல வேர்வை வராது. வேர்வை வராத ஒடம்பு வெக்கையில அடுப்பு மேல வெச்ச பாத்திரம் மாதிரி சூடேறிட்டே போகும். பந்தல் போட்டாலும் பத்தாது, தகரம் போட்டாலும் ஆகாது, ஈரத்துணியைப் போத்திக்கிட்டு ஃபேனுக்கு அடியில கெடக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ அப்படியேதான் கெடந்தா. இப்ப செவப்புப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, வாசப்படிக்கு வெளிய, நிழலோட ஓரத்துல உக்காந்திருக்கா.

டீயைக் கொண்டுபோனேன். பாதி சாஸர்ல ஊத்திப்போச்சு. "ஏனுங்க்கா, என்னைப் பார்த்தா பயமா இருக்குதுங்களா?"ன்னா.

"பயமென்ன பயம், நீ என்ன பேயா? உன்னைப் பார்த்து எத்தனை காலமாச்சு சாமி, அதான் சிந்திப்போச்சு"ன்னேன்.

அவ டீயைக் குடிச்சா. தெருவை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தா. பால்காரன் வண்டியைப் பார்த்தா, நாயைப் பார்த்தா, குடோன் செவுத்துல ஒட்டியிருந்த காதுகுத்து போஸ்டரைப் பார்த்தா. "உள்ள கெடந்தா நான் செத்துட்டனா இருக்கறனான்னே தெரியறதில்லீங்க்கா. இங்க வந்து உக்காந்தா நாலு பேரு போறாங்க வர்றாங்க, நானும் ஒரு ஆளா இருக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க்கா, இந்த எடம் இருந்தாப் போதும்"னா. நான் "சாஸரைக் குடு"ன்னு புடுங்கிட்டு வந்துட்டேன்.

அன்னையில இருந்து தெனமும் வந்தா. வெரல்ல ரெண்டுதான் நேரா மடங்கும், அந்த ரெண்டை வெச்சுட்டுப் பிசிறு வெட்டக் கத்துக்கிட்டா. மொதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போன புள்ளைங்க அப்புறம் அவ சேரைப் புடிச்சுட்டு நின்னு பேச ஆரம்பிச்சாங்க. அவ புருசன் கிட்டுச்சாமி காலையில இருட்டு விலகறதுக்கு முன்னாடி கம்பெனி வண்டி ஏறினா, விளக்கு வெச்சப்புறம்தான் எறங்குவார், வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்கு வயசாகிப்போகும், அப்படி மனுசன். "இன்னைக்கு வெளிய உக்காந்திருந்தனுங்"னு அவ சொன்ன அன்னைக்கு என் கடைக்கு வந்தார், வழக்கத்தைவிடக் கூட ரெண்டு இட்லி கட்டச் சொன்னார். அதுதான் அவரோட சந்தோசம்.

நல்லது நடந்தா ஊரு சும்மா இருக்குமா? அஞ்சாவது வீதிக்காரங்க வந்தாங்க, பாலத்துக்கு அக்கட்ட இருந்து வந்தாங்க, ஆட்டோ வெச்சுட்டு வந்தாங்க. கூட்டம் சேந்தா நம்ம சனம் என்ன பண்ணும்? துண்டு போடும். பஸ்ஸு வந்து நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா உள்ள துண்டு எறியற சனம், கல்யாணத்துல மொதப் பந்தி எந்திரிக்கறதுக்குள்ள சேர் மேல துண்டைப் போட்டுட்டு நிக்கற சனம். துண்டு கெடந்தா அந்த எடம் ஒருத்தருக்குச் சொந்தம், அதை எவனும் கேள்வி கேக்க முடியாது, போலீஸ்காரனே ஒதுங்கித்தான் நிப்பான். விடியக்காலம் எந்திரிச்சு வாசல் தெளிக்க வந்தா நிழல் பூரா துண்டு. குளிக்கற துண்டு, தோள்ல போடற துண்டு, கட்சிக்கரை போட்ட துண்டு, கல்யாணத்துல தாம்பூலத்தோட குடுத்த துண்டு. எங்க வீட்டுக்காரரும் பச்சைக்கரைத் துண்டு ஒண்ணைப் போட்டுட்டு மீசையை முறுக்கிட்டு வந்தார். வந்து உக்காருவாங்க, பொழுதோட துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் தோள்ல போட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க.

அப்புறந்தான் வீடுகள்ல வெளிச்சம் கம்மியாச்சு. பல்பை மாத்தினாங்க, எரியுது, ஆனா மூலையில இருட்டு அப்படியே நிக்குது. துண்டு தொங்கற கொடிக்குக் கீழ ஒரு கறை, கூட்டினாப் போகலை, பினாயில் ஊத்தினாப் போகலை. அந்த இருட்டுல குளிர்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை, சும்மா மனசு மேல ஒரு கல்லு. புருசனும் பொண்டாட்டியும் சோத்தைப் போட்டு வெச்சுட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. துண்டைத் தண்ணியில முக்கினா தண்ணி கருப்பா வந்துச்சு. வேற ஊர்க்காரனா இருந்தா அப்பவாச்சும் ஒரு நிமிசம் யோசிச்சிருப்பான். நாங்க சாயத்துலயே பொறந்து சாயத்துலயே முங்கறவங்க, தண்ணி கருப்பா வந்தா எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "சாயம் போகுதுடா, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்"னு ஜவுளிக்கடைக்குப் போயிச் சண்டை போட்டோம், சாயம் நிக்கட்டும்னு துண்டையெல்லாம் உப்புத்தண்ணியில ஊறப்போட்டோம். நல்லாத்தான் நின்னுச்சு. நிழலை உப்புப் போட்டுத் துண்டுல கெட்டியாப் புடிச்சு வெச்ச சனம் ஒலகத்துலயே நாங்க மட்டுந்தான் இருப்போம்.

வீதியில நிழலு ஓட்டை ஓட்டையா ஆயிட்டு வந்துச்சு. வெயிலு கடுமை, அதான் வெளுக்குதுன்னு சொல்லிக்கிட்டோம். ருக்குமணி சேரை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்திப் போட்டுட்டே இருந்தா, யாரையும் ஒண்ணும் சொல்லலை.

அப்பத்தான் அமுதவல்லி மெட்ராஸ்ல இருந்து வந்தா. அங்க பெரிய ஹால்ல, சுத்தியும் லைட்டுப் போட்டு மாட்டியும் அவ துணி செவுத்துல நிழலே விழுகலையாம். வந்து பார்த்த பெரிய மனுசங்க, "ஏதோ கொறையுதே"ன்னு தலையைச் சாச்சுச் சாச்சுப் பார்த்துட்டுப் போனாங்களாம். கொறைஞ்சது எங்க இருக்குன்னு தேடிட்டு பஸ் ஏறிட்டா. பையைக்கூட எறக்கி வெக்கலை, வீதியில நின்னு பார்த்தா. நாங்க வெளுத்ததுன்னு நெனைச்சதை அவ குனிஞ்சு, கைச்சாண் வெச்சு அளந்தா. "நாச்சக்கா, ஓட்டையெல்லாம் ஓரம் நேரா, கத்தரியில வெட்டினாப்பல இருக்குது பாருங்க. வெயில்ல வெளுத்தா இப்படியா இருக்கும்? இது துண்டு சைஸுங்க்கா"ன்னா. தோள்ல இருந்த துப்பட்டாவை எடுத்துத் தரையில விரிச்சா, சித்தெ நேரம் விட்டா, எடுத்தா. துப்பட்டா கருத்துக் கெடந்துச்சு, தரையில துப்பட்டா நீளத்துக்கு வெயில் சுளீர்னு அடிச்சுது. உடுத்திட்டு உக்காந்த துணியில ஏறாத நிழல், விரிச்சுப் போட்ட துணியில ஏறியிருக்கு. நாங்க அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டோம்.

"திருப்பிக் கொண்டுவந்து உதறிட்டாச் சரியாப்போகும்"னு ஓடினாங்க. உதறினாங்க. நிழலு தூள்தூளா விழுந்துச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை, வெயில் பட்டதும் கற்பூரம் மாதிரி காணாமப்போச்சு. அதைப் பார்த்துட்டு அமுதவல்லி, "வேண்டாம், வேண்டாம், உதறாதீங்க, எங்கிட்டக் குடுங்க"ன்னு கத்தினா. வீடு வீடாப் போயித் துண்டுகளை வாங்கி அடுக்கினா. மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, "மிச்சம் இருக்கறதாவது எங்கக்காளுக்கு இருக்கட்டும். உக்காருங்க, வேண்டாங்கலை. துண்டு மட்டும் போடாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. அந்தப் புள்ளை கும்பிட்டதைப் பார்த்து எங்களுக்கு என்னவோ மாதிரி ஆயிப்போச்சு.

"ஏ அம்மிணி, கும்பிடாத, இனி எவன் துண்டு போடறான்னு பார்த்தறலாம்"னு எல்லாரும் எந்திரிச்சு நின்னு சொன்னாங்க. மனசாரத்தான் சொன்னாங்க. ஆனா அவங்கவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு: துண்டுதானே கூடாது, கைக்குட்டை போட்டா என்ன, மஞ்சப்பை வெச்சா என்ன, நான் ஒருத்தி வெக்கறதாலயா தீந்துபோயிரும்? கைக்குட்டை அளவுக்குப் போச்சு, பை அளவுக்குப் போச்சு. ஆனி பொறந்தப்போ, ருக்குமணி வாசப்படிக்கு முன்னால ஒரு சேர் போடற அளவுக்குத்தான் நின்னுச்சு. அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது. அது அவளுக்குத்தான்னு வீதி பூரா முடிவாச்சு, புள்ளைங்ககூட அதுல கால் வெக்கலை, நாய்கூட எந்திரிச்சு வெயில்ல போயிப் படுத்துக்கிச்சு.

ஆனா அந்த ரெண்டு விசயத்தை யாரும் கிட்டுச்சாமிகிட்டச் சொல்லலை, துண்டு போடக்கூடாதுங்கறதையும் சொல்லலை, ஏன்ங்கறதையும் சொல்லலை. கூட்டம் போட்டப்போ அவர் கம்பெனியில. அவர் வீட்டு வாசலாச்சே, அவருக்குத் தெரியாமயா இருக்கும்னு நாங்க விட்டுட்டோம். நாங்க சொல்லியிருப்போம்னு ருக்குமணி விட்டுட்டா. அமுதவல்லி துண்டுகளை அடுக்கி வெச்சுத் தைக்கறதுல இருந்தா, மாமாவைப் பார்த்துப் பேசற நேரத்துல அவ தூங்கிப்போயிருவா.

ஒரு நாள் அஞ்சாவது வீதிப் பொம்பளை ஒருத்தி, தெரிஞ்சு வந்தாளோ தெரியாம வந்தாளோ, அந்தச் சேர் அளவு நிழல்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டா. அவளுக்கு என்ன துக்கமோ, பொழுதுக்கும் அழுதா, எந்திரிக்கலை. ருக்குமணி வாசப்படிக்கு உள்ள நின்னு பார்த்துட்டே இருந்தா. "எந்திரிக்கச் சொல்லட்டுமா?"ன்னு நான் கேட்டேன். "வேண்டாங்க்கா, அழுகட்டும்"னா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது புருசன்கிட்ட, "இன்னைக்கு எடம் கெடைக்கலீங்"னு மட்டும் சொல்லியிருக்கா.

அந்த மனுசனுக்கு அதுக்கு மேல என்ன தெரியும்? எடம் கெடைக்கலைன்னா என்ன பண்ணணும்னு நம்ம பக்கத்துல பொறந்த எந்த ஆம்பளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி கம்பெனி வண்டிக்குக் கெளம்பினவர், தோள்ல இருந்த நீலக்கட்டம் போட்ட துண்டை எடுத்து, நாலு ஓரமும் இழுத்து நேராக்கி, ஒரு ஓரம் காத்துல மடங்கக்கூடாதுன்னு அதுமேல ஒரு கல்லையும் வெச்சு, பொண்டாட்டிக்கு எடம் புடிச்சு வெச்சுட்டுப் போனார்.

பொழுது ஏறினப்போ ருக்குமணி சேரைத் தூக்கிட்டு வெளிய வந்தா. துண்டைப் பார்த்தா. சேரைக் கீழ வெக்கலை, அப்படியே கையில புடிச்சுட்டு நின்னா. அமுதவல்லி உள்ள இருந்து ஓடி வந்து, "யாரும் தொடாதீங்க, எடுத்தாத்தானே நிழல் அதோட வரும், எடுக்காம விட்டா அடியில அப்படியே இருக்கும்"னா. இருக்கும், அடியில இருக்கும். துண்டுக்கு மேலதான் வெயில் அடிக்குதே, அடியில இருக்கற நிழல்ல எந்த மனுசி போயி உக்கார்றது? மண்ணோட சேர்த்து வெட்டி எடுத்தறலாமான்னு ஒருத்தர் சொன்னார். ஓரத்துல இருந்து மெதுவா உருவினா வருமான்னு இன்னொருத்தர் சொன்னார். யாரு துண்டு, எவன் போட்டதுன்னு ஒரு இளவட்டம் கத்திட்டு வந்தான், துண்டைப் பார்த்தான், யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு, தள்ளிப் போயி நின்னுக்கிட்டான்.

"யாரும் அவருகிட்டச் சொல்லக்கூடாது"ன்னா ருக்குமணி.

"அக்கா..."ன்னா அமுதவல்லி.

"சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டார் அமுதா. பாய்லர் வெடிச்ச அன்னைக்கு ஷிப்டு மாத்திக்க வேண்டாம், இன்னைக்குப் போயிட்டு வான்னு சொல்லி என்னை அனுப்பினதே அவர்தான். அதையே அவரு இன்னும் எறக்கி வெக்கலை. இதையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"ன்னு கேட்டா. சேரைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அன்னைக்குச் சாயங்காலம் கடையில அடுப்பைப் பத்தவெக்கக் கை வரலை.

விளக்கு வெச்சு கொஞ்ச நேரத்துல கம்பெனி வண்டி வந்து நின்னுச்சு. வீதி பூரா வாசல்ல நின்னோம், எதுக்கு நிக்கறோம்னு எங்களுக்கே தெரியலை. கிட்டுச்சாமி எறங்கி வந்தார், துண்டு போட்டது போட்டபடி கெடக்கறதைப் பார்த்தார், மூஞ்சியில ஒரு திருப்தி. கல்லை எடுத்து ஓரமா வெச்சார், துண்டை எடுத்தார், ஒரு உதறு உதறினார், தோள்ல போட்டுக்கிட்டார்.

"எடம் கெடைச்சுதா?"ன்னு கேட்டார்.

"கெடைச்சுதுங்"னா ருக்குமணி உள்ள இருந்து.

"சில்லுனு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்."

அவரு குனிஞ்சு செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனார். நாங்களும் எங்க வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டோம், அன்னைக்கு ராத்திரி பூரா எந்த வீட்டுலயும் டிவி ஓடலை.

அமுதவல்லி அந்தத் துண்டுகளையெல்லாம் தைச்சு முடிச்சா. பெரிய துணி, மொதத் துணியைவிடப் பெருசு. "இதை மாட்டினா நிழல் வருமா அம்மிணி?"ன்னு ஆசையாக் கேட்டேன். "வராதுங்க்கா. இது நிழல் இல்லை, இருட்டு"ன்னா. தைச்சதுல ஒரு துண்டு கொறைஞ்சுது. மாமாகிட்டப் போயி, "அந்த நீலக்கட்டம் போட்டதைக் குடுங்க மாமா"ன்னு கேட்டிருக்கா. "இதைக் குடுத்துட்டா நாளைக்கு நான் எதைப் போட்டு உங்கக்காளுக்கு எடம் புடிக்கறது?"ன்னு கேட்டாராம். அவ திரும்பி வந்து, துண்டு வர வேண்டிய எடத்தை ஓட்டையாவே விட்டுட்டா. அது இப்ப எங்கயோ கடல் கடந்து தொங்குது, அந்த ஓட்டைதான் அதுல ரொம்ப அழகுன்னு அங்க எழுதினாங்களாம். அவ அதுக்கப்புறம் இன்னும் ஊசியைத் தொடலை, அக்கா பக்கத்துல உக்காந்து ஈரத்துணி மாத்திப் போட்டுட்டு இருக்கா.

அந்த மனுசனுக்குத் தெரியுமா தெரியாதான்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை உச்சிவெயில்ல அவர் வெளிய வந்தார். காலையில அவரே போட்ட துண்டு வாசல்ல காஞ்சு மொறமொறன்னு கெடந்துச்சு. துண்டைத் தொட்டுப் பார்த்தார், கையைச் சடக்குனு எடுத்துக்கிட்டார், அவ்வளவு சூடு. சுத்தியும் பார்த்தார். வீதியில நிழல்னு இருந்தது அவரோட நிழல் மட்டுந்தான், அது துண்டு மேல விழுந்துச்சு. ரொம்ப நேரம் நகராம நின்னார், அவரு நிழலாவது அங்க நிக்கட்டும்னு நிக்கற மாதிரி, சட்டையெல்லாம் நனைஞ்சு, வேர்வை மூக்கு நுனியில சொட்டுச்சு. அப்புறம் உள்ள போயிட்டார். நாங்க யாரும் வாசலுக்கு வரலை, ஜன்னலைக்கூடத் தெறக்கலை.

திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கடை தெறக்க நான் வந்தப்போ, அந்த மனுசன் வாசல்ல குத்தவெச்சு உக்காந்து துண்டோட ஓரத்தை இழுத்து நேராக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி அடுப்புல வெறகைத் தள்ளினேன். இப்பவும் தெனமும் போடறார், நாங்க அதை மிதிக்காம சுத்திப் போறோம், வண்டிக்காரங்ககூட வளைச்சுத்தான் ஓட்டறாங்க. பொழுது சாஞ்சா கம்பெனி வண்டி வந்து நிக்குது.

"எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்."

"சில்லுனு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்."